கடலுக்குள்ள நாம போடுற சத்தம்: ஒரு கேஸ் ஹிஸ்டரி

1/
போன மாசம் ஸ்கேன் அறையில ஒரு கர்ப்பிணிப் பெண் கேட்டாங்க. "டாக்டர், சத்தத்தை வெச்சுத்தான் இந்த மெஷின் படம் எடுக்குதுன்னு சொல்றீங்களே, அந்தச் சத்தம் உள்ள இருக்குற பிள்ளைக்குக் கேக்காதா? பயந்துடாதா?"

கேக்காதும்மான்னு விளக்கம் சொல்லி அனுப்பினேன். ஆனா அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகல.

2/
ஏன்னா, அந்த மெஷினோட தாத்தா கடலுக்குள்ள பொறந்தவர். அவர் போட்ட சத்தத்தைப் பத்தி இப்படி ஒரு கேள்வியை ரொம்ப வருஷம் யாருமே பெருசா கேக்கல. கேட்ட பிறகு கிடைச்ச பதில் நல்லா இல்லை.

அந்தக் கதைதான் இந்த இழை. கொஞ்சம் நீளம். டீ போட்டு எடுத்துட்டு வந்து உக்காருங்க.

3/
முதல்ல ஒரு அடிப்படை விஷயம். கடலில் 200 மீட்டர் ஆழம் தாண்டினால் வெளிச்சம் கிட்டத்தட்ட இல்லை. மேலேயே கூட சில பத்து மீட்டருக்கு அப்பால் கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. ஆனால் ஒலிக்கு அங்கே ராஜபாட்டை. காற்றில் நொடிக்கு சுமார் 340 மீட்டர் போகும் ஒலி, கடல்நீரில் சுமார் 1,500 மீட்டர் போகிறது. அதுவும் ரொம்ப தூரத்துக்கு.

அதனால கடல்வாழ் உயிர்கள் பலவற்றுக்குக் காதுதான் கண். இரை தேடுறது, துணை தேடுறது, குட்டியைக் கூப்பிடுறது எல்லாம் ஒலியை வெச்சுத்தான்.

4/
இதை மனுஷன் முதன்முதலில் ஒழுங்காக அளந்தது 1826-ல், ஜெனீவா ஏரியில். கொலாடன், ஸ்டர்ம் என்ற இருவர் செய்த சோதனை. ராத்திரி நேரம். ஒரு படகிலிருந்து தண்ணீருக்குள் மணி அடிப்பார்கள். அதே நொடியில் மேலே வெடிமருந்து பளிச்சென எரியும். 13 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி நிற்கும் இன்னொரு படகில், தண்ணீருக்குள் ஒரு குழலை இறக்கி அதில் காதை வைத்துக் காத்திருந்தார் கொலாடன். வெளிச்சத்துக்கும் மணி ஓசைக்கும் இடையிலான நேரத்தைக் கணக்கிட்டார்கள். கிடைத்த விடை, நொடிக்கு 1,435 மீட்டர்.

லைன்னெக் ஸ்டெதஸ்கோப் கண்டுபிடிச்சு அப்போ 10 வருஷம்தான் ஆகியிருந்தது. நெஞ்சுக்கு ஒரு குழல், ஏரிக்கு ஒரு குழல். அந்தக் காலத்து ஆட்கள் எதையும் காது வெச்சுக் கேட்டுப் பார்த்திருக்காங்க!

5/
அடுத்தது 1912. டைட்டானிக் மூழ்கியது. பனிப்பாறையை முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி உண்டா என்று உலகமே யோசித்தது. 1914-ல் ஃபெஸண்டன் என்பவர் தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, பனிப்பாறையில் பட்டுத் திரும்பிய எதிரொலியை சுமார் 3 கிலோமீட்டர் தூரத்தில் இருந்து கேட்டுக் காட்டினார். அதுவரை கடலைக் கேட்டுக்கிட்டு மட்டும் இருந்த நாம, அதுக்குள்ள சத்தம் போட்டுத் தேட ஆரம்பிச்சோம்.

6/
அதே வருஷம் முதல் உலகப்போர். இப்போ தேட வேண்டியது பனிப்பாறை இல்லை, ஜெர்மன் நீர்மூழ்கிகள். பிரான்ஸில் பால் லாஞ்செவின் என்ற இயற்பியலாளர் இந்த வேலையில் இறங்கினார். பியேர் கியூரியின் மாணவர். சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் வரும், மின்சாரம் கொடுத்தால் அதிரும் என்று கியூரி சகோதரர்கள் 1880-களின் தொடக்கத்திலேயே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். லாஞ்செவின் குவார்ட்ஸ் படிகத்தை எடுத்து, அதை அதிரவைத்து, மனிதக் காதுக்கு எட்டாத ஒலியைக் கடலுக்குள் செலுத்தினார்.

என் கையில இருக்குற ஸ்கேன் ப்ரோப் வேலை செய்றதும் இதே தத்துவத்துலதான்.

7/
இனி வரும் வரியைக் கவனிங்க. 1917-ல் டூலோன் கடற்படைத் தளத்தில் இந்தச் சோதனையைப் பார்க்கப் போன அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட், பிற்பாடு அதை எழுதி வைத்தார். அந்த ஒலிக்கற்றைக்குள் வந்த சின்ன மீன்கள் செத்துப்போயின. தண்ணீருக்குள் கையை வைத்தால் தாங்க முடியாத வலி எடுத்தது.

அதாவது, சோனார் முழுசா பொறக்கிறதுக்கு முன்னாடியே அதோட பக்கவிளைவை நேர்ல பார்த்தாச்சு. ஒரு மருந்து சோதனையில இப்படி நடந்தா அடுத்த நாளே ஃபைல் திறந்து எழுதுவோம். இங்கே போர் நடந்துக்கிட்டு இருந்தது. மீனைப் பத்தி யார் கவலைப்படுவாங்க?

8/
ஒரு சின்ன கிளைக்கதை. போருக்குப் பிறகு இந்தத் தத்துவம் தொழிற்சாலைக்குப் போனது. உலோகத்துக்குள் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கும் கருவி வந்தது. 1955-ல் கிளாஸ்கோவின் மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்ட், அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டிகளை காரில் ஏற்றிக்கொண்டு ஒரு பாய்லர் தொழிற்சாலைக்குப் போய், அந்தக் கருவியில் வைத்துப் பார்த்தார். கட்டி தெரிந்தது! 1958-ல் லான்செட் இதழில் அவருடைய குழுவின் கட்டுரை வந்தது. நம்ம ஸ்கேன் அறைகள் எல்லாத்துக்கும் அதுதான் பிள்ளையார் சுழி.

9/
கர்ப்பிணிகள் யாராவது இதைப் படிச்சிட்டு பயந்துடாதீங்க. ஸ்கேனில் பயன்படும் ஒலி நொடிக்கு 20 லட்சம் அதிர்வுகளுக்கும் மேல். மனிதக் காதின் எல்லை 20,000-தான். சக்தியும் மிகக் குறைவு, சில அங்குலம் போவதற்குள் அடங்கிவிடும். டாக்டர் சொல்ற நேரத்துல ஸ்கேன் எடுத்துக்கோங்க.

கடலில் போடும் சத்தம் அப்படி இல்லை. அதிர்வெண் குறையக் குறைய அது போகும் தூரம் கூடிக்கொண்டே போகும்.

10/
எவ்வளவு தூரம்? 1960 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கு அப்பால் கடலில் வெடிகளை வெடிக்க வைத்தார்கள். பூமிக்கு மறுபக்கம், ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் தள்ளி, பெர்முடா தீவில் அது பதிவானது. கிட்டத்தட்ட மூணே முக்கால் மணி நேரப் பயணம். கடலின் ஆழத்தில் ஒலியை மேலும் கீழும் சிதறவிடாமல் ஒரு குழாய் போலக் கொண்டுபோகும் அடுக்கு ஒன்று உண்டு. அமெரிக்கக் கடற்படை அந்த அடுக்கில் ஒலிவாங்கிகளைப் போட்டு சோவியத் நீர்மூழ்கிகளை ஒட்டுக் கேட்டது.

11/
அப்படி ஒட்டுக் கேட்கும்போது ஒரு மர்மச் சத்தம். 20 ஹெர்ட்ஸ், விட்டு விட்டுச் சீராக வரும் துடிப்பு. ஏதோ இயந்திரமோ, சோவியத்தின் புது ரகசியமோ என்று சந்தேகம் வந்தது. பல வருஷம் குழம்பி, கடைசியில் 1960-களில் வில்லியம் ஷெவில் என்ற ஆய்வாளர் குழு கண்டுபிடித்தது: அது ஃபின் திமிங்கலத்தின் குரல்.

எதிரியைத் தேடிக் காது வெச்சவங்களுக்குக் கேட்டது திமிங்கலம். அவங்க கணக்குல அது இடைஞ்சல். திமிங்கலத்தோட கணக்கு என்னவா இருக்கும்?

12/
அந்தக் கேள்வியை 1971-ல் கேட்டவர்கள் ரோஜர் பெய்ன், டக்ளஸ் வெப். கூன்முதுகுத் திமிங்கலத்தின் பாட்டை உலகத்துக்குக் கேட்க வைத்தாரே, அதே பெய்ன்தான். கப்பல்களில் ப்ரொபெல்லர் வருவதற்கு முந்தைய அமைதியான கடலில், ஒரு ஃபின் திமிங்கலத்தின் குரல் ஒரு சமுத்திரத்தையே கடந்து இன்னொரு திமிங்கலத்துக்குக் கேட்டிருக்கலாம் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். கப்பல் இரைச்சல் வந்த பிறகு அந்த வட்டம் பல மடங்கு சுருங்கிவிட்டது என்றும் சொன்னார்கள். அன்னைக்கு நிறைய பேர் நம்பல.

13/
கப்பல் ஏன் இவ்வளவு சத்தம் போடுது? எஞ்சின் ஒரு காரணம். பெரிய காரணம் ப்ரொபெல்லர். அது வேகமாகச் சுழலும்போது பின்னால் அழுத்தம் குறைந்து தண்ணீரில் குமிழிகள் உண்டாகும். உடனே அவை நொறுங்கும். ஒவ்வொரு குமிழியும் நொறுங்கும்போது ஒரு சின்ன வெடி. இதற்கு கேவிட்டேஷன் என்று பெயர். அடுப்புல தண்ணி கொதிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி பாத்திரம் 'உஸ்'ஸுனு இரையும்ல? அங்கேயும் குமிழிகள் இப்படித்தான் நொறுங்குது. அதையே பல மீட்டர் விட்டமுள்ள ப்ரொபெல்லர் அளவுக்கு, ராத்திரி பகலா நினைச்சுப் பாருங்க.

14/
கலிஃபோர்னியா கரைக்கு அப்பால் 1960-களின் நடுவில் கடற்படை பதிவு செய்த இரைச்சலை, 2003–04-ல் அதே இடத்தில் மறுபடி அளந்தார்கள். 30–50 ஹெர்ட்ஸ் பகுதியில் 10 முதல் 12 டெசிபெல் கூடியிருந்தது. டெசிபெல் ஒரு வில்லங்கமான அளவு. 3 கூடினால் சக்தி இரண்டு மடங்கு, 10 கூடினால் 10 மடங்கு. அதாவது 40 வருஷத்துல 10 மடங்குக்கும் மேல்.

கல்யாண மண்டபத்துல லைட் மியூசிக் ஓடும்போது பக்கத்துல உக்காந்திருக்குற அத்தைகிட்ட நலம் விசாரிச்சிருக்கீங்களா? கத்திக் கத்தி ரெண்டு வார்த்தை பேசிட்டு, தலையாட்டிட்டு விட்டுருவோம். நாம வீட்டுக்கு வந்துடலாம். திமிங்கலத்துக்கு மண்டபத்தை விட்டா வேற வீடு கிடையாது.

15/
இது நாள்பட்ட நோய். இப்போ ஒரு எமர்ஜென்சி கேஸ்.

2000-ஆம் ஆண்டு மார்ச் 15, காலை. பஹாமாஸின் அபாகோ தீவு. கென் பால்கம் என்ற திமிங்கல ஆய்வாளரின் வீட்டு வாசலில், கடற்கரையில் ஒரு கூவியர் அலகுத் திமிங்கலம் கரையேறிக் கிடந்தது. ஆழ்கடல் பிராணி. உயிரோடு பார்ப்பதே அபூர்வம். அவரும் கூட இருந்தவர்களும் அதைத் தள்ளிக் கடலில் விட்டார்கள். அதற்குள் மற்ற கரைகளிலிருந்தும் செய்தி வந்தது. ஒன்றரை நாளில், சுமார் 240 கிலோமீட்டர் நீளத்துக்கு, மொத்தம் 17 பிராணிகள். அவற்றில் 14 அலகுத் திமிங்கலங்கள்.

16/
விதியோட விளையாட்டு என்னன்னா, பால்கம் முன்னாடி அமெரிக்கக் கடற்படையில வேலை பார்த்தவர். பத்தாவது ட்வீட்ல சொன்னேனே, அந்த ஒட்டுக் கேக்குற வேலை. சோனார்னா என்னன்னு அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் பக்கத்துக் கால்வாய் வழியா கடற்படைக் கப்பல்கள் போயிருந்தது தெரிஞ்சதும் அவருக்கு சந்தேகம் வந்துடுச்சு.

17/
அவர் அப்போது செய்த ஒரு காரியம்தான் இந்தக் கேஸையே காப்பாற்றியது. செத்த திமிங்கலங்களின் தலைகளை வெட்டி எடுத்து உறைய வைத்தார்.

அதுவரை திமிங்கலம் கரை ஒதுங்கினால் அழுகிய பிறகுதான் ஆட்கள் வருவார்கள். அழுகின உடம்புல போஸ்ட்மார்ட்டம் பண்ணி என்ன தெரியும்? இந்த முறை திசுக்கள் நல்ல நிலையில் இருந்தன. விலங்குகளின் காதைப் பற்றி ஆராயும் டார்லீன் கெட்டன் அவற்றை சி.டி. ஸ்கேன் எடுத்துப் பரிசோதித்தார். காதைச் சுற்றியும் மூளையைச் சுற்றியுள்ள இடைவெளியிலும் ரத்தக்கசிவு.

18/
2001 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படையும் அந்நாட்டு மீன்வளத் துறையும் சேர்ந்து ஒரு இடைக்கால அறிக்கை வெளியிட்டன. கப்பல்கள் பயன்படுத்திய நடுத்தர அதிர்வெண் சோனார்தான் இதற்கு மிகவும் நம்பத்தகுந்த காரணம் என்று அதில் ஒப்புக்கொண்டார்கள். சுமார் 3,000 ஹெர்ட்ஸ் ஒலி அது. நம் காதுக்கே நன்றாகக் கேட்கும்.

டூலோனில் மீன்கள் செத்தது 1917. அறிக்கை வந்தது 2001. நடுவில் 84 வருஷம்.

பால்கம் வருஷக்கணக்கில் புகைப்படம் எடுத்து அடையாளம் வைத்திருந்த கூவியர் திமிங்கலங்களை, அந்த நாளுக்குப் பிறகு அந்தப் பக்கம் காணவில்லை என்று அடுத்த ஆண்டு அவர் எழுதினார்.

19/
ஆனா சத்தம் எப்படிக் கொல்லும்? இதுக்கு ஒரு பதில் ஸ்பெயின்ல கிடைச்சது.

2002 செப்டம்பரில், கேனரி தீவுகளுக்கு அருகே பன்னாட்டுக் கடற்படைப் பயிற்சி நடந்தது. சோனார் தொடங்கிச் சில மணி நேரத்தில் அலகுத் திமிங்கலங்கள் கரை ஒதுங்க ஆரம்பித்தன. மொத்தம் 14. அன்டோனியோ ஃபெர்னாண்டஸ் தலைமையில் கால்நடை நோயியல் குழு உடனே போஸ்ட்மார்ட்டம் செய்தது. ரத்தக் குழாய்களிலும் உறுப்புகளிலும் வாயுக் குமிழிகள், கொழுப்புத் துணுக்குகள்.

20/
டாக்டர்களுக்கு இது பழகின படம். ஆழத்துக்குப் போன முத்துக்குளிப்பவரோ ஸ்கூபா டைவரோ அவசரமாக மேலே வந்தால், ரத்தத்தில் கரைந்திருந்த நைட்ரஜன் சோடா பாட்டில் திறந்தது போலக் குமிழியாகும். டீகம்ப்ரெஷன் நோய். கோடிக்கணக்கான வருஷமா ஆழத்துல முங்கி எழும் ஒரு பிராணிக்கு இந்த நோய் வருமா? சத்தத்துக்கு பயந்து தன் வழக்கமான முங்கும் முறையை மாற்றினால் வரலாம் என்பதுதான் 2003-ல் நேச்சர் இதழில் வந்த விளக்கத்தின் சாரம். எப்படி நடக்கிறது என்ற விவரங்களில் இன்னும் விவாதம் உண்டு. சோனாருக்கும் சாவுக்கும் உள்ள தொடர்பில் அந்த அளவுக்கு விவாதம் இல்லை.

21/
இனி சிகிச்சை. 2004-ல் ஸ்பெயின் அரசு, கேனரி தீவுகளைச் சுற்றி 50 கடல் மைலுக்குள் இந்த சோனாருக்குத் தடை போட்டது. 2013-ல் ஃபெர்னாண்டஸ் குழு எழுதியது: தடைக்குப் பிறகு அங்கே அலகுத் திமிங்கலங்கள் கூட்டமாகக் கரை ஒதுங்கவே இல்லை. அதற்கு முன் அது திரும்பத் திரும்ப நடந்த இடம்.

மருந்தை நிறுத்தினா அறிகுறி போயிடுச்சு. மருத்துவத்துல இதைவிடப் பெரிய சாட்சி கேக்க மாட்டோம்.

22/
"அப்போ நம்ம திருச்செந்தூர்ல?" என்று கேட்பீர்கள். 2016 ஜனவரியில் மணப்பாடு, திருச்செந்தூர் கரைகளில் 80-க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின. மீனவர்கள் கயிறு கட்டி இழுத்துக் கடலில் விட்டும் பல திரும்பி வந்தன. அன்றைக்கும் சோனார் என்று வாட்ஸ்அப்பில் ஓடியது. ஆனால் அங்கே காரணம் எதுவும் நிரூபிக்கப்படவில்லை. அதே கரையில் 1973 ஜனவரியிலும் நூற்றுக்கு மேல் ஒதுங்கியிருக்கின்றன. கூட்டத்தை விட்டுப் பிரியாத பிராணி அது. ஒன்று வழி தவறினால் மொத்தமும் பின்னால் வரும்.

காய்ச்சல் வந்தவங்க எல்லாருக்கும் டெங்குன்னு எழுதக் கூடாது. பஹாமாஸில் ஆதாரம் இருந்தது, அதனால சொன்னோம்.

23/
சரி, கப்பல் இரைச்சலுக்கு வருவோம். அது உடனே கொல்லாது. மெதுவா என்ன செய்யும்? தெரிஞ்சுக்க ஒரே வழி, உலகத்துக் கப்பலை எல்லாம் நிறுத்திட்டு அளந்து பார்க்கணும். யார் நிறுத்துவாங்க?

2001 செப்டம்பர் 11 நிறுத்தியது.

24/
இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பிறகு சில நாட்கள் வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் கப்பல் போக்குவரத்து வெகுவாகக் குறைந்தது. கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் ரோசலிண்ட் ரோலண்ட் என்ற கால்நடை மருத்துவரின் குழு அப்போது வேறு ஒரு வேலையில் இருந்தது: ரைட் திமிங்கலங்களின் சாணத்தைச் சேகரித்து ஹார்மோன் அளப்பது. சிரிக்காதீங்க. திமிங்கலத்துகிட்ட ரத்தம் எடுக்க முடியாது, இதுதான் வழி.

25/
வேறொரு ஆய்வுக்காக அதே விரிகுடாவில் தண்ணீருக்குள் ஒலிப்பதிவும் நடந்துகொண்டிருந்தது. பல வருஷம் கழித்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். கப்பல் குறைந்த நாட்களில் இரைச்சல் 6 டெசிபெல் இறங்கியிருந்தது. அதே நாட்களில் திமிங்கலங்களின் மன அழுத்த ஹார்மோனும் இறங்கியிருந்தது. அடுத்து வந்த நான்கு வருஷங்களில் அதே செப்டம்பரில் அந்த இறக்கம் இல்லை. 2012-ல் ஆய்வு வெளியானது.

26/
இதைப் படிச்சப்ப எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரல. அந்த வாரம் உலகமே நடுங்கிக்கிட்டு இருந்தது. அந்த விரிகுடாவில மட்டும் சில திமிங்கலங்கள் நிம்மதியா இருந்திருக்கு.

வருஷக்கணக்கில் அழுத்த ஹார்மோன் ஏறியே இருந்தால் வளர்ச்சி, நோய் எதிர்ப்பு, இனப்பெருக்கம் எல்லாம் பாதிக்கும். இது எம்.பி.பி.எஸ். பாடம். வட அட்லாண்டிக் ரைட் திமிங்கலங்கள் இன்று 400-க்கும் குறைவு. கப்பல் மோதலும் வலையில் சிக்குவதும்தான் அவற்றை நேரடியாகக் கொல்பவை. அதுக்கு மேல இந்த ஓயாத அழுத்தமும்.

27/
என்ன செய்யலாம்? வழிகள் ரொம்ப நாளா தெரிஞ்சதுதான்.

ஒண்ணு, மெதுவா போறது. வேகம் குறைந்தால் பெரும்பாலான கப்பல்களில் குமிழியும் குறையும், இரைச்சலும் குறையும். டீசலும் மிச்சம், திமிங்கலத்தில் மோதும் ஆபத்தும் குறைவு. 2017 முதல் கனடாவின் வான்கூவர் துறைமுகம், சால்மன் மீனை எதிரொலி வைத்துத் தேடும் ஓர்கா திமிங்கலங்களுக்காகக் கப்பல்களை மெதுவாகப் போகச் சொல்கிறது. பெரும்பாலானவை கேட்கின்றன. இரைச்சல் குறைந்ததை அளந்தும் காட்டினார்கள்.

28/
ரெண்டு, ப்ரொபெல்லரைச் சரியா வடிவமைக்கிறது, சுத்தமா வெச்சுக்கிறது.

மூணு, குமிழித் திரை. காற்றாலைக்குக் கடலில் பைல் அடிக்கும்போது, சுற்றிலும் துளையிட்ட குழாயைத் தரையில் போட்டுக் காற்றை விடுவார்கள். எழும்பும் குமிழிகள் சத்தத்தைத் தடுக்கும். ஜெர்மனியில் பைல் அடிக்கும் இடத்திலிருந்து 750 மீட்டரில் ஒவ்வொரு அடியின் ஒலியும் 160 டெசிபெலைத் தாண்டக் கூடாது என்று விதி. இது நீருக்கடி டெசிபெல், நம்ம ஸ்பீக்கர் டெசிபெலோட ஒப்பிடாதீங்க. அந்த விதி வந்ததாலதான் இந்தத் தொழில்நுட்பமே வளர்ந்தது.

29/
சட்டம் எங்கே நிக்குது? 2008-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பாதுகாப்புப் பயிற்சிதான் முக்கியம் என்று கடற்படை பக்கம் நின்றது. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2014-ல் கப்பல் இரைச்சலுக்கு வழிகாட்டுதல் கொடுத்து, 2023-ல் திருத்தியது. ஆனால் கட்டாயம் இல்லை, விருப்பம்தான். ஐரோப்பிய ஒன்றியம் மட்டும் 2022-ல் நீருக்கடி இரைச்சலுக்கு வரம்பு நிர்ணயித்தது.

விருப்பம்னு விட்டா என்ன ஆகும்னு நமக்குத் தெரியும். ஹெல்மெட்டை நினைச்சுக்கோங்க.

30/
கடைசியா ஒண்ணு. பிளாஸ்டிக்கை இன்னைக்கு நிறுத்தினாலும் கடல்ல போட்டது பல தலைமுறை கிடக்கும். எண்ணெயும் அப்படித்தான். இரைச்சல் அப்படி இல்லை. நிறுத்தின நிமிஷமே இல்லாமல் போகும். திமிங்கலத்தோட ஹார்மோன் சில நாள்ல இறங்கிடும். என் 20 வருஷ அனுபவத்துல இவ்வளவு சீக்கிரம் குணமாகிற நாள்பட்ட நோயை நான் பார்த்ததில்லை.

31/
அடுத்த தடவை அந்தப் பொண்ணு ஸ்கேனுக்கு வரும்போது இதையெல்லாம் சொல்லலாம்னு இருக்கேன். "உன் பிள்ளைக்குக் கேக்காதும்மா, ஆனா நீ கேட்ட கேள்வி சரியான கேள்வி. 1917-லயே டூலோன்ல யாராவது கேட்டிருக்கணும்"னு.

உங்க வீட்டுல கப்பல்ல வேலை பார்க்குற அண்ணன், தம்பி, மாமா யாராவது இருந்தா இந்த இழையை அவங்களுக்கு அனுப்புங்க. அவங்க கப்பல்ல இதைப் பத்தி என்ன சொல்லிக் கொடுத்தாங்கன்னு கேட்டு எனக்கும் எழுதுங்க.